இரண்டு மாப்பிள்ளைகளுக்கு ஒரு மறுவீடு

நாயகம்,

நீயும் சாமுவேலும் ரயிலேறி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. வீட்டில் இன்னும் இஞ்சிப் பச்சடி மிச்சம் இருக்கிறது. உன் அம்மா அதைத் தோசைக்கு, தயிர்சாதத்துக்கு, இரண்டும் இல்லாத நேரத்தில் சும்மா ஒரு விரலுக்கு என்று தீர்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் நடந்ததை நீ கண்ணால் பார்த்தாய். அதற்கு முந்தைய பத்து நாட்களில் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அதற்கும் முன்னால், ஒன்பது ஆண்டுகளாக நான் தூக்கிச் சுமந்த ஒரு பொய்யின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்வதற்காக எழுதுகிறேன். மற்ற பெற்றோரும் படிக்கும்படி இதை அச்சுக்குக் கொடுக்கலாமா என்று நேற்று போனில் கேட்டேன். "குடுங்கப்பா. என் பேரை மட்டும் மாத்திராதீங்க" என்றாய். பெயரை மறைப்பதற்கே இத்தனை ஆண்டு பாடுபட்டவனுக்கு, மாற்றாதே என்று நீ சொன்னது எவ்வளவு பெரிய விடுதலை என்று உனக்குத் தெரியுமா?

முப்பத்து நான்கு வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்தவனுக்கு முதல் பாடத்தை நடத்தாமல் இரண்டாம் பாடத்துக்குப் போகத் தெரியாது. எனவே முதலில் என் வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்பில் நீ என் மாணவன். மூன்றாவது பெஞ்ச். வீட்டில் அப்பா, பள்ளியில் சார் என்று அழைக்கச் சிரமப்பட்டு, இரண்டையும் தவிர்த்து இருமிக் காட்டுவாய். அந்த வகுப்பில் மெல்லிய குரலும் கையை அசைத்து அசைத்துப் பேசும் பழக்கமும் கொண்ட ஒரு பையன் இருந்தான். ஒருநாள் அவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். அவன் நடந்து வரும்போது பின்பெஞ்சிலிருந்து யாரோ "ஒன்பது வருது, வழி விடுங்கடே" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பெரிய சிரிப்பு இல்லை, மீசைக்குள் ஒரு மூன்று வினாடி. பிறகு "சரி சரி, சத்தம் போடாதீங்கலே" என்று சொல்லிவிட்டு ஒளிவிலகலுக்குப் போய்விட்டேன். பல ஆண்டுகள் கழித்து நீ சொன்னாய்: "அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்பா, உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு." என் மூன்று வினாடிச் சிரிப்புக்கு உன் பன்னிரண்டு ஆண்டு மௌனம் விலை. அந்தப் பையன் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். அவன் எங்கே இருக்கிறான் என்று பழைய மாணவர்களிடம் இப்போதும் விசாரிக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கடிதம் அவன் கண்ணில் பட்டால், அவனுடைய சார் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளட்டும்.

உனக்கு இருபத்தாறு வயதானபோது, பொங்கல் லீவில் வந்திருந்தபோது, கடைசியில் சொன்னாய். நான் தரையில் செய்தித்தாளை விரித்து மிக்ஸியைக் கழற்றிப் போட்டிருந்தேன். "அப்பா, எனக்குப் பொண்ணு பாக்காதீங்க. நான் சாமுவேல்னு ஒருத்தரோட இருக்கேன். கூட்டாளியா இல்ல. கல்யாணம் ஆனவங்க எப்படி இருப்பாங்களோ அப்படி." நான் திருப்புளியைக் கீழே வைக்காமலே "எத்தனை நாளா?" என்று கேட்டேன். காய்ச்சலைக் கேட்பதுபோல. அடுத்து, "வேற யாருக்குத் தெரியும்?" என்றேன். முதல் கேள்வியைவிட இது மோசம். முதல் கேள்வியில் அறியாமை இருந்தது, இரண்டாவதில் கோழைத்தனம் இருந்தது. உன் அம்மாதான் மனுஷியாக ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தப் பையன் எந்த ஊரு?" வாசுதேவநல்லூர் என்றாய். "அவ்ளோ தூரம் மெட்ராஸுக்குப் போயி, ஒரு மணி நேரம் பஸ்ல போற ஊருப் பையனைத்தான் புடிச்சியாக்கும்?" என்றாள். நீ சிரித்துவிட்டாய். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தவனுக்கு, சிரிக்க வேண்டிய இடத்தில் வாய் ஒட்டிக்கொண்டது.

அடுத்த மாதமே சுப்பையா மாமா வந்து நின்றார். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இவர் உன் அம்மாவின் அண்ணன், பூச்சந்தையில் மாலைக் கடை வைத்திருப்பவர், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த ஊரின் எல்லாத் தெருவையும் காட்டியவர். ஒரு பெண்ணின் ஜாதகத்தை நீட்டி, "நாயகம் குறிப்பை எடும் வே மாப்ளே, பொருத்தம் பாத்துருவோம்" என்றார். என்ன சொல்வதென்று யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது: "அவனுக்கு நாக தோஷம் இருக்கு மச்சான். முப்பத்தஞ்சு முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க." "யாரு சொன்னா?" "மதுரையில ஒரு பெரியவரு." அப்படி ஒரு பெரியவர் மதுரையிலும் இல்லை, வேறெங்கும் இல்லை.

நினைத்துப் பார். சூரிய கிரகணத்தன்று பிள்ளைகளைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தி, ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துத் தின்னச் சொல்லி, "பாருங்கலே, ஒண்ணும் ஆகலை" என்று காட்டியவன் நான். கோள்கள் தம் வேலையைப் பார்க்கின்றன, நம் வேலையை நாம் பார்க்க வேண்டும் என்று வருடந்தோறும் சொன்னவன். அந்த நான் ஜாதகத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதுவும் எந்த ஊரில்? நாக தோஷம் தீர நாடெங்கிலுமிருந்து வந்து சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிற ஊரில். மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு தலைவலிக்கு மாத்திரை கிடைக்கவில்லை என்று சொன்னதுபோல. சும்மா விடுவார்களா? அத்தை ஒருத்தி வெள்ளிக்கிழமை விரதம் சொன்னாள். எதிர்வீட்டு அம்மா பால் ஊற்றச் சொன்னாள். என்னோடு பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்கூட, "சார், நம்பிக்கை இருக்கோ இல்லையோ, ஒரு தடவை செஞ்சு பாத்துர வேண்டியதுதானே?" என்றார். உன்னை நோயாளி என்றோ கெட்டவன் என்றோ நான் யாரிடமும் சொல்லவில்லையே, இது நாகரிகமான பொய்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். உன்னிடம் ஏதோ ஒரு குறை இருக்கிறது, அதைக் கழிக்க வேண்டும் என்று ஊரையே நம்ப வைத்திருக்கிறேன் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

எட்டிய நாள் உனக்கும் நினைவிருக்கும். ஐந்து வருடத்துக்கு முன் ஆடித்தபசுக்கு வந்திருந்தாய். மாமா உன் கையைப் பிடித்துக் கோவிலுக்கு இழுத்துப் போனார். நெற்றியில் புற்றுமண்ணை அப்பி, "நூத்தியொரு சுத்து சுத்துலே மக்கா, நானும் கூட வாரேன். தோஷம் எங்க நிக்கின்னு பாப்போம்" என்றார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், முழங்கால் வலியோடு, உனக்காக உன் பின்னாலேயே சுற்றினார். நீ ஒவ்வொரு சுற்றிலும் நான் நின்ற தூணைக் கடந்துபோனாய். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு சொல் சொல்லி உன்னை நிறுத்தியிருக்கலாம். நூற்றியொரு வாய்ப்பு கிடைத்தது எனக்கு. நான் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொப்புளம் கட்டிய பாதத்தைத் தடவிக்கொண்டே, "எனக்கு இருக்குற தோஷம் என்னன்னு உங்களுக்குத் தெரியும்லப்பா?" என்று கேட்டாய். கோபமே இல்லாத குரல். அதற்குப் பிறகு மூன்று வருடம் நீ ஊருக்கு வரவில்லை.

வகுப்பில் வெர்னியர் கருவியைக் கொடுக்கும்போது ஒன்று சொல்வேன். கருவியில் சுழிப்பிழை இருந்தால், அதாவது ஒன்றையும் அளக்காதபோதே அது பூஜ்யத்தைக் காட்டாவிட்டால், எத்தனை முறை அளந்தாலும் தப்பான விடைதான் வரும். அளக்கும் பொருளை ராவிப் பயனில்லை. கருவியைத்தான் சரிபார்க்க வேண்டும். இதை நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொன்ன நான், என் கையிலிருந்த அளவுகோலைச் சந்தேகப்படாமல் உன்னையே திரும்பத் திரும்ப அளந்தேன். அந்த மூன்று வருடத்தில் உன் அம்மா என்னோடு சண்டை போடவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன் தட்டையும் எடுத்து வைத்து, திரும்ப அலமாரியில் வைப்பாள். அதற்குச் சண்டையே மேல்.

பிறகு, இரண்டு வருடத்துக்கு முன், அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி. மூன்று வருடத்தில் முதல்முறையாக நீயாகவே எனக்குப் போன் செய்தாய். சாமுவேலின் பைக்கை ஒரு வேன் தட்டிவிட்டது, தலையில் அடி, நினைவில்லை, உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். படிவத்தில் சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். "நான் யாருன்னு கேக்காங்கப்பா. எட்டு வருசமா ஒரே வீட்டுல இருக்கேன்னா, ரூம்மேட்டான்னு கேக்காங்க. அவங்க வீட்டுக்குப் போன் பண்ணா என் நம்பரைப் பாத்ததும் கட் பண்ணுதாங்க." உன் குரல் உடைந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அறுவை அறை தயாராக இரண்டு மணி நேரம் ஆகும் என்றாய். சட்டையை மாட்டியது நினைவிருக்கிறது, செருப்பு மாட்டியது நினைவில்லை. பஸ் ஸ்டாண்டில் புறப்பட இருந்த வாசுதேவநல்லூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

சாமுவேலின் அப்பாவுக்கு அங்கே உரக்கடை. மகனின் விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவன் பெயரையே வாயில் எடுக்காதவர் என்று நீ சொல்லியிருந்தாய். அதனால் கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கதவைத் திறந்தார். கையில் மாவு. "யாரு வேணும்?" என்றார். பஸ்ஸில் வரும்போது ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன்: உங்கள் மகனோடு தங்கியிருக்கும் பையனின் அப்பா. அதைச் சொன்னால் அவர் கதவைச் சாத்தலாம், நியாயமும் இருக்கிறது. கூடத் தங்கியிருப்பவனின் அப்பனுக்கு இந்த வீட்டில் என்ன வேலை? அப்போதுதான் எனக்கு உறைத்தது, உன்னிடம் அங்கே ஆஸ்பத்திரியில் கேட்கிற கேள்வியைத்தான் என்னிடம் இங்கே கேட்கிறார்கள். "நான் உங்க சாமுவேலுக்கு மாமனார்மா" என்றேன்.

அவர் கதவைச் சாத்தவில்லை. விஷயத்தைச் சொன்னேன். "போனைப் போடுங்க" என்றார், மாவுக் கையோடு. நீ எடுத்தாய். அவர் முதலில் கேட்டது யார் நீ என்றல்ல. "தம்பி, அவனுக்குப் பென்சிலின் ஆகாது. சின்ன வயசுல ஒரு தடவை உடம்பெல்லாம் வீங்கிப் போச்சு. டாக்டர்கிட்ட சொல்லீருங்க." நீ சொன்னாய்: "தெரியும்மா. ஆம்புலன்ஸ்லயே சொல்லிட்டேன்." அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "நான் பெத்தவ பேசுதேன். என் மகன் விஷயத்துல அந்தத் தம்பி என்ன சொல்லுதோ அதான். அது கையெழுத்துப் போட்டா நான் போட்டாப்பல" என்றார். என்னென்ன மருந்து ஆகாது என்று தெரிந்து வைத்திருப்பதைவிடப் பெரிய தாலி எது? அதைத்தான் படிவத்தில் எழுத இடமில்லை.

இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் உங்கள் அன்பு குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் அது திருமணம் என்று ஏற்றுக்கொள்ளச் சட்டத்தில் இன்னும் இடம் வரவில்லை. குற்றமில்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. ஒரு மாணவனைப் பார்த்து, உன்னை அடிக்க மாட்டேன், ஆனால் வருகைப் பதிவேட்டில் உன் பெயரை எழுத மாட்டேன் என்று சொன்னால் அவன் படித்தவன் ஆவானா? நீங்கள் சென்னையில் பதாகை பிடித்துக்கொண்டு நடக்கிற ஊர்வலங்கள் எதற்கு என்று முன்பெல்லாம் நினைப்பேன். அந்த ஆஸ்பத்திரிப் படிவத்தின் ஒரு கட்டத்துக்காக என்று இப்போது தெரிகிறது. போன தடவை உன் அம்மாவும் வந்து நடந்தாளே, அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

சாமுவேல் பிழைத்தான், நீ ஊருக்கு வந்தாய், போன மாதம் சென்னையில் நண்பர்கள் நடுவே நீங்கள் மாலை மாற்றிக்கொண்டீர்கள், நாங்களும் வந்து நின்றோம். எல்லோரும் என்னைத் தைரியமான அப்பா என்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. சென்னையில் என்னை யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாத ஊரில் நிமிர்ந்து நிற்க முதுகெலும்பு தேவையில்லை. என் பரீட்சை சங்கரன்கோவிலில்தான். இங்கே நான் இன்னும் அந்த நாக தோஷத்தின் அப்பனாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

பரீட்சை தானாகவே வந்து கதவைத் தட்டியது. விருந்துக்குப் பத்து நாள் முன்னால் சுப்பையா மாமா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மாப்ளே, பய முப்பத்தஞ்சு முடிச்சுட்டாம்லா! நானும் விரல் விட்டு எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்" என்று ஒரு கவரை எடுத்தார். சிவகிரிப் பெண்ணின் போட்டோ. கல்லூரியில் வேலை பார்க்கிறாளாம். பளிச்சென்ற முகம். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. என் பொய்க்கு நானே கெடு வைத்திருந்தேன், கெடு முடிந்ததும் அது ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டு வாசல் வரை போய் நின்றிருக்கிறது. அந்தப் பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்திருக்கிறேன்.

உன் அம்மா காப்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள். நான் சொன்னேன். சாமுவேலைச் சொன்னேன், மாலை மாற்றியதைச் சொன்னேன், மதுரைப் பெரியவர் என்று ஒருவர் இல்லவே இல்லை என்பதையும் சொன்னேன். மாமா, பையனும் பையனும் எப்படி என்றுதான் முதலில் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "அப்பம் தோஷம்னு ஒண்ணும் கிடையாதா?" "கிடையாது மச்சான்." "ஒன்பது வருசம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் பால் ஊத்துனேனே வே! முட்டு வலியோட அவன் பின்னால நூத்தியொரு சுத்து சுத்துனேனே! நீரு தூணுல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டு இருந்தீரே! நீரெல்லாம் ஒரு வாத்தியாரா?" எழுந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். போட்டோவை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அதற்கு மட்டும் நன்றி சொல்லிக்கொண்டேன். உன்னை வெறுப்பவர்கள் என்று நாம் பயந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஏமாற்றப்பட்டவர்கள் என்று அன்று யோசித்தேன். அவருக்கு ஒன்பது ஆண்டுக்கு முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் கத்தியிருப்பார், ஒரு வருடம் பேசாமல் இருந்திருப்பார். ஆனால் அந்தச் சுற்றுகளை உன்னைச் சுற்ற வைத்திருக்க மாட்டார்.

ஒளிய இடமில்லாமல் போனதும் மனிதனுக்கு ஒரு வேகம் வருகிறது. மறுநாளே, "ஊரறிய மறுவீடு போட்டுருவோம்" என்றேன். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளையை அழைத்துப் பெண் வீட்டில் போடுகிற விருந்து அது. நம் பக்கத்தில் அந்த விருந்துக்குத் தேங்காய்ப்பாலில் செய்கிற சொதிதான். சமையலுக்குப் பேச்சிமுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அவர்தான் தவசிப்பிள்ளை. காதில் செருகிய பென்சிலை எடுத்து, "பொண்ணு வீட்டு விருந்தா சார், மாப்பிள்ளை வீட்டு விருந்தா?" என்றார்.

"ரெண்டுமே மாப்பிள்ளைதான்."

"அண்ணன் தம்பிக்கு ஒரே முகூர்த்தமா?"

"இல்ல அண்ணாச்சி. என் மகனுக்கு அந்தப் பையன், அந்தப் பையனுக்கு என் மகன்."

பென்சிலால் தலையைச் சொறிந்தார். "அப்பம் முதல் இலை யாருக்கு?" என்றார். மறுவீட்டில் மாப்பிள்ளைக்குத்தான் முதல் இலை, அவர் ஒரு வாய் எடுத்த பிறகுதான் பந்தியில் மற்றவர்கள் கை வைப்பார்கள் என்பது வழக்கம். எனக்கு அது தோன்றவே இல்லை. அவரே தீர்ப்பும் சொன்னார்: "ரெண்டு தலைவாழை ஒரே நேரத்துல போடணும், ரெண்டு பேரு ஒண்ணாப் பரிமாறணும். ஒருத்தருக்கு முந்தி ஒருத்தருக்குப் பிந்தின்னு ஆயிரப்புடாது. பரிமாற ஒரு ஆளு கூடுதலா வேணும், சொல்லிட்டேன்." அவ்வளவுதான். இத்தனை வருடம் நான் நடுங்கிய கேள்விக்கு அந்த மனிதர் கேட்டது பரிமாற ஒரு கூடுதல் ஆள்.

எல்லோரும் அப்படியில்லை. டீக்கடையில் என் காதுபடவே ஒருவன், "வாத்தியார் வீட்டுல ரெண்டு மாப்பிள்ளையாம்லா. பொண்ணு எங்கனடே?" என்றான். கொல்லென்று சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் என் பழைய மாணவன். முன்பானால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்திருப்பேன். "ஏலே, பொண்ணு கிடையாது. ரெண்டும் மாப்பிள்ளை. சந்தேகம்னா ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாரு. பாத்துட்டு சும்மா போயிராதே, சாப்பிட்டுப் போ" என்றேன். அவன் வந்தான் நாயகம். மூன்றாவது வரிசையில் கட்டம் போட்ட சட்டை. சொதியை மூன்று தடவை கேட்டு வாங்கினான். போகும்போது உன்னிடம் கை கொடுத்தானே, அவன்தான்.

நாற்பது பேரை அழைத்தோம், இருபத்தேழு பேர் வந்தார்கள். வராத பதின்மூன்று பேரில் சிலர் என்னைத் தெருவில் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். இருக்கட்டும். உன் அம்மா பட்டுச்சேலையில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "வாங்க, மாப்பிள்ளைங்க உள்ள இருக்காங்க" என்று அழைத்ததை நான் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். சாமுவேலின் அம்மா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு இலை ஒன்றாக விழுந்தது, இரண்டு பேர் ஒன்றாகப் பரிமாறினார்கள். நீங்கள் இருவரும் யார் முதலில் வாய் வைப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பந்தியே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. பேச்சிமுத்து அண்ணாச்சி உள்ளேயிருந்து, "ஏ மாப்பிள்ளைகளா, கண்ணால பேசுனது போதும்! சொதி ஆறுது, சனம் பசியில கிடக்கு!" என்று கத்தினார். அப்போது எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அதில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன். யாரையும் சிறுமைப்படுத்தாத சிரிப்பு எப்படி இருக்கும் என்று அறுபத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. உங்கள் கழுத்தில் போட்ட மாலைகள் எங்கே வாங்கியது என்று நீ கேட்கவில்லை. நான் வாங்கவில்லை. கல்யாண மாலை என்றால் மாப்பிள்ளைக்கு ஒரு கட்டு, பெண்ணுக்கு ஒரு கட்டு என்றுதான் கடைகளில் ஜோடியாகக் கட்டுவார்கள். அன்று காலை ஆறு மணிக்கு ஒரு கூடை வந்தது. இரண்டும் ஒரே கட்டு, ஒரே நீளம், ஒரே கனம். இரண்டும் மாப்பிள்ளை மாலை. கொண்டுவந்த ஆள், "முதலாளியே ராத்திரி உக்காந்து கட்டுனாரு. யாருன்னு சொல்லாண்டாம்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா விருந்துக்கு வரவில்லை. என்னோடு இன்னும் பேசவில்லை. அவர் கோபம் உன்மீது இல்லை, என்மீது. அதை நான் நியாயமாகவே சம்பாதித்தேன், பொறுமையாகத் தீர்ப்பேன். நீ மட்டும் அவருக்கு ஒரு போன் போட்டுப் பேசு.

ஒரு தகப்பனாக நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். சட்டம் வரும்வரை காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். உயில், வங்கி நியமனம், ஆஸ்பத்திரிக்கான அதிகாரப் பத்திரம் எல்லாவற்றிலும் ஒருவர் பெயரை மற்றவர் எழுதிப் பதிவு செய்யுங்கள். பயந்துபோன பெற்றோரைப் பார்த்தால் இரக்கம் காட்டு, நானே சாட்சி, அவர்கள் மாறுவார்கள். ஆனால் அவர்கள் மாறும்வரை உன் வாழ்க்கையை நிறுத்தி வைக்காதே. நீ நிறுத்தவில்லை என்பதால்தான் நான் ஓடிவந்து சேர்ந்துகொள்ள ஓர் இடம் இருந்தது.

முடிக்கலாம் என்றிருந்தபோது இன்று காலை ஒரு போன் வந்தது. தெரியாத எண். கரகரத்த குரல். "சம்பந்தியா பேசுதது?" என்றது. தவறான எண் என்று சொல்ல வாயெடுத்தேன். "வாசுதேவநல்லூர்லேருந்து பேசுதேன். உரக்கடை. சாமுவேலுக்கு அப்பா" என்றார். ஒன்பது ஆண்டாக அவர் வாயில் வராத பெயர். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் கடகடவென்று சொன்னார்: "எங்க வீட்டம்மா வந்துட்டுப் போனதுலேருந்து உங்க வீட்டு விருந்துப் பேச்சுதான். நீங்க ஊரைக் கூட்டிப் பந்தி போட்டிருக்கீங்க. நாங்க திருப்பி அழைக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? நாளைக்கு நாலு பேரு என்னையத்தானே தப்பாச் சொல்லுவான்?"

என்னையும் அவரையும் இத்தனை காலம் வாயைக் கட்டி வைத்திருந்தது அந்த நாலு பேர்தான் நாயகம். முதல்முறையாக அவர்கள் உங்கள் பக்கம் வந்து நிற்கிறார்கள். "எங்க வீட்டுல கறிச்சாப்பாடுதான். நீங்க சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். "ரசம் இருக்கும்ல? அது போதும் சம்பந்தி" என்றேன். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது. "அவன்கிட்ட நீங்களே சொல்லீருங்க, எனக்குப் பேச்சு வராது" என்றார். எனக்கும் வராது. நீயே சாமுவேலைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் அப்பா அழைக்கிறார் என்று சொல். இருவரும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வாருங்கள். நாங்கள் வாசுதேவநல்லூரில் இருப்போம்.

அப்பா